கருப்பொருள் பகுப்பாய்வா, கிரவுண்டட் தியரியா, ஐபிஏவா? நேர்காணல் தரவுக்கு முறை தேர்வது எப்படி

நேர்காணல்களை முடித்து, ஒலிப்பதிவுகளை எழுத்தில் ஏற்றி, அடுத்து என்ன என்று நிற்கும் ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "கருப்பொருள் பகுப்பாய்வு செய்தால் போதுமா, கிரவுண்டட் தியரி செய்தால்தான் மதிப்பா?" பலருடைய பேச்சுக்குள் ஊடோடும் அர்த்தங்களைத் தொகுத்துப் பார்க்கும் கருப்பொருள் பகுப்பாய்வு எளிய முறை, வாய்மொழித் தேர்வில் அதைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்ற அச்சம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த அச்சம் தேவையற்றது. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. கருப்பொருள் பகுப்பாய்வு என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்றின் விதியை எடுத்து இன்னொன்றில் பொருத்துகிறபோதுதான் ஆய்வேடுகள் அடிவாங்குகின்றன.

ஆகவே இங்கே ஒப்பிடுவது ஆறு வழிகளை: கருப்பொருள் பகுப்பாய்வின் மூன்று வகைகள், அவற்றோடு தரவிலிருந்தே தியரியைக் கட்டும் கிரவுண்டட் தியரி, ஐபிஏ எனப்படும் விளக்க நிகழ்வியல் பகுப்பாய்வு, உள்ளடக்கப் பகுப்பாய்வு.

## எதை வைத்து எடை போடுவது

எது சிறந்த முறை என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கீழே உள்ளவற்றுக்கு உங்கள் ஆய்வு என்ன பதில் சொல்கிறது என்று எழுதிப் பாருங்கள்; பாதி முறைகள் தாமாகவே விலகிவிடும்.

கேள்வியின் இயல்பு. பலருடைய அனுபவங்களுக்குள் ஊடோடும் பொது அர்த்தங்களைத் தேடுகிறீர்களா? ஒரு செயல் எப்படி நடக்கிறது, எந்தச் சூழலில் திசை மாறுகிறது என்று விளக்கப் போகிறீர்களா? ஒரு மனிதர் ஓர் அனுபவத்தை எப்படி வாழ்ந்தார் என்று அறிய வேண்டுமா? அல்லது எது எவ்வளவு பேசப்படுகிறது என்பதா? எல்லா அளவுகோல்களிலும் கனமானது இதுதான். மற்றவை இதோடு மோதினால் இதன் பக்கமே நிற்க வேண்டும்.

களத்துக்குத் திரும்பப் போக முடியுமா. சில முறைகள் பகுப்பாய்வின் நடுவில் புதிய ஆட்களைத் தேடிப் போகச் சொல்லும். தரவு சேகரிப்பு முடிந்துவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

குறியிடப் போவது யார், அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுட்டும் சிறு பெயர் (குறியீடு) இடப் போவது யார். தனி ஆளா, ஐந்து பேர் கொண்ட குழுவா? குழுவில் எல்லாருக்கும் பண்புசார் ஆய்வில் பழக்கம் உண்டா?

படிக்கப் போவது யார். கொள்கை வகுப்பவர் தெளிவான பதில்களை எதிர்பார்ப்பார். மருத்துவச் சஞ்சிகையின் மதிப்பாய்வாளர் நம்பகத்தன்மைக்கு எண் கேட்கக்கூடும். சமூகவியல் தேர்வாளர் உங்கள் கோட்பாட்டு நிலைப்பாட்டைத் தோண்டுவார்.

உழைப்பு எங்கே குவியும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும்; இது எல்லா முறைக்கும் பொது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தன் சுமையை வெவ்வேறு இடத்தில் இறக்குகிறது. ஒன்று தொடக்கத்தில், ஒன்று நடுவில், ஒன்று எழுதும்போது. எந்த இடத்தில் என்று தெரியாமல் கால அட்டவணை போட்டவர்கள்தான் கடைசி மாதங்களில் திணறுகிறார்கள்.

## ஒரே பேச்சு, ஆறு பார்வைகள்

ஒப்பீடு காற்றில் நிற்காமல் இருக்க ஒரு கற்பனை ஆய்வை வைத்துக்கொள்வோம். தலைப்பு: இரவுப் பணி செய்யும் செவிலியர்களின் அனுபவம். ஒருவர் இப்படிச் சொல்கிறார்:

"ராத்திரி மூணு மணிக்கு நோயாளியோட மூச்சு கொஞ்சம் மாறுது. டாக்டரை எழுப்பலாமா வேண்டாமான்னு நிக்கிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கே, ஷிஃப்டிலேயே அதுதான் நீளமான நேரம். எழுப்பினா திட்டு. எழுப்பாம ஏதாவது ஆயிட்டா என் பேர்லதான் எழுதுவாங்க."

இந்த நான்கு வரிகளை ஒவ்வொரு முறையும் என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

## 1. ரிஃப்ளெக்ஸிவ் கருப்பொருள் பகுப்பாய்வு

வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-இல் உளவியல் ஆய்வாளர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரைதான் கருப்பொருள் பகுப்பாய்வை இவ்வளவு பரவலாக்கியது. அதில் ஆறு கட்டங்கள் உண்டு: தரவோடு பழகுதல், முதல்நிலைக் குறியீடுகளை உருவாக்குதல், கருப்பொருள்களைத் தேடுதல், அவற்றைச் சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல். ஆறு கட்டங்களையும் இயந்திரம்போலப் பலர் பின்பற்றத் தொடங்கியதும், 2019-இல் அவர்கள் தங்கள் முறைக்கு ரிஃப்ளெக்ஸிவ் (ஆய்வாளர் தன் பார்வையையும் திரும்பிப் பார்ப்பது) என்ற அடைமொழியைச் சேர்த்து மற்ற வகைகளிலிருந்து பிரித்துக் காட்டினார்கள்.

இந்த வகையின் அடிப்படை நம்பிக்கை: கருப்பொருள் தரவுக்குள் புதைந்து கிடந்து கண்டெடுக்கப்படுவதில்லை. ஆய்வாளர் தன் வாசிப்பு, தன் பின்புலம், தன் கோட்பாடு ஆகியவற்றோடு தரவை எதிர்கொண்டு அதை உருவாக்குகிறார். ஆய்வாளரின் பார்வை இங்கே களங்கமாகக் கருதப்படுவதில்லை, கருவியாகக் கருதப்படுகிறது. அந்தப் பார்வை என்ன என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. "கருப்பொருள்கள் தரவிலிருந்து வெளிப்பட்டன" என்று ரிஃப்ளெக்ஸிவ் ஆய்வேட்டில் எழுதினால், முறையின் அடித்தளத்தையே மறுப்பதாகிவிடும்.

இந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் தலைப்புக்கும் கருப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு. நம் செவிலியர் பேச்சை "மருத்துவர்களுடனான உறவு" என்ற தலைப்பின் கீழ் போட்டால் அது வெறும் அடுக்கு. அந்த உறவைப் பற்றி யார் எதைச் சொல்லியிருந்தாலும் அதற்குள் விழும். "பொறுப்பு நம்முடையது, அதிகாரம் அவருடையது" என்பது கருப்பொருள். அதற்கு ஒரு மையக் கருத்து இருக்கிறது. பணிப்பதிவேடு பற்றி இன்னொருவர் சொன்னதும், மருந்து தீர்ந்த இரவைப் பற்றி மூன்றாமவர் சொன்னதும் மேலோட்டமாக வேறு வேறு விஷயங்களாக இருந்தாலும் அந்தக் கருத்தில் வந்து சேரக்கூடும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: உங்கள் கருப்பொருளை ஒருவர் மறுத்துப் பேச முடியுமா? "மருத்துவர்களுடனான உறவு" என்பதை மறுக்க எதுவுமில்லை. நேர்காணல் வினாப்பட்டியலில் இருந்த கேள்விகளே கருப்பொருள் தலைப்புகளாகத் திரும்பி வந்திருந்தால், பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை என்று கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

முதலாவது, நெகிழ்ச்சியின் விலை. எந்தக் கோட்பாட்டோடும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் எந்தக் கோட்பாடும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருளில்லை. மக்கள் சொல்வதை அவர்கள் அனுபவத்தின் நேரடிச் சாட்சியாக எடுக்கிறீர்களா, மொழியால் கட்டமைக்கப்பட்டதாகப் பார்க்கிறீர்களா? சொன்ன பொருளோடு நிற்கிறீர்களா, சொல்லாமல் விட்ட பொருளுக்குள்ளும் போகிறீர்களா? தரவிலிருந்து மேலே போகிறீர்களா, முன்பே உள்ள கோட்பாட்டிலிருந்து கீழே வருகிறீர்களா? மற்ற முறைகள் இவற்றில் சிலவற்றை உங்களுக்காக முடிவு செய்துவிடும். இங்கே எல்லாம் உங்கள் தலையில். முறையியல் அத்தியாயத்தில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் போனவர்களை வாய்மொழித் தேர்வில் காப்பாற்றுவது கடினம்.

இரண்டாவது, நான்காம் கட்டம். அழகாக உருவாக்கிய கருப்பொருள்களை முழுத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவற்றில் சில உடையும். உடைய வேண்டும். அதற்கு அட்டவணையில் இடம் விடாதவர்கள் முதலில் தோன்றியதையே எழுதி முடித்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கருப்பொருள்களோடு வரும் அத்தியாயம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்ததாகத்தான் இருக்கும். இரண்டு முதல் ஆறு வரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆழம் கிடைக்கும்.

மூன்றாவது, மதிப்பாய்வாளரோடு வரும் வாதம். மருத்துவ, சுகாதாரச் சஞ்சிகைகளில் பல பண்புசார் ஆய்வை அறிக்கையிட 2007-இல் வெளியான கோரெக் (COREQ) என்ற 32 அம்சப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்கின்றன. எத்தனை பேர் குறியிட்டார்கள், தரவு நிறைவுநிலை (புதிதாக எதுவும் வராத நிலை) எட்டப்பட்டதா, பங்கேற்பாளர்கள் முடிவுகளைச் சரிபார்த்தார்களா என்ற கேள்விகள் அதில் உண்டு. ரிஃப்ளெக்ஸிவ் முறைக்கு இவற்றில் சில பொருந்தாது. பொருந்தாது என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும். வெறுமனே காலியாக விட்டால் குறையாகவே படிக்கப்படும். 2006 கட்டுரையிலேயே நல்ல கருப்பொருள் பகுப்பாய்வுக்கான 15 அம்சப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பதில் எழுதும்போது அதைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது இதுவே சரி: தனியாகச் செய்யும் ஆய்வு, பலருக்கு ஊடாக ஓடும் அர்த்தங்கள் பற்றிய கேள்வி, பல்வேறு பின்புலத்துப் பங்கேற்பாளர்கள், விளக்கம் சொல்லத் துணிவு. முனைவர் பட்ட ஆய்வுகளில் கணிசமானவற்றுக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

## 2. குறியீட்டு ஒப்புமையை நம்பும் கருப்பொருள் பகுப்பாய்வு

ரிச்சர்ட் போயாட்ஸிஸ் 1998-இல் விளக்கிய வழி இந்த மரபைச் சேர்ந்தது. ஒரு கோட்புக், அதாவது குறியீடுகளின் கையேடு, தயாரிக்கப்படும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் வரையறை, எது சேரும், எது சேராது, ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே குறியிடுவார்கள். பிறகு அவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பது எண்ணால் அளக்கப்படும்.

அந்த எண் பெரும்பாலும் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்வது அது. 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை, 1 என்றால் முழு ஒப்புமை. 0.61 முதல் 0.80 வரை கணிசமான ஒப்புமை என்று பலரும் மேற்கோள் காட்டும் எல்லைகள் 1977-இல் லாண்டிஸும் கோக்கும் வகுத்தவை. அந்த எல்லைகள் தன்விருப்பில் போட்டவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

நம் செவிலியர் பேச்சு இங்கே "மருத்துவரை அழைக்கத் தயக்கம்" என்ற குறியீட்டைப் பெறும். இரண்டு பேரும் அதில் எளிதாக ஒத்துப்போவார்கள். "அதிகாரமில்லாத பொறுப்பு" என்றால் ஒத்துப்போக மாட்டார்கள். இதுதான் இந்த வகையின் ஆழமான செலவு: எண்ணை உயர்த்த வேண்டும் என்ற அழுத்தத்தில் குறியீடுகள் மெல்ல மெல்ல மேலோட்டமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. அரிதாக வரும் குறியீட்டில் இருவரும் பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போனாலும் கப்பா தாழ்வாக வரும். அதை ஆய்வின் குறையாக எடுத்துக்கொண்டு அருமையான ஒரு குறியீட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

இரண்டாவது ஆளைப் பயிற்றுவிக்கும் நேரம், கோட்புக்கைத் திருத்தி முதலிலிருந்து குறியிடும் நேரம் எல்லாம் தொடக்கத்திலேயே விழும். நல்ல பக்கம்: அதைத் தாண்டினால் மீதி வேகமாக ஓடும்.

எப்போது இதுவே சரி: பெரிய குழு, பல இடங்களில் சேகரித்த தரவு, முன்கூட்டியே தெளிவான கேள்விகள், அளவுசார் ஆய்வோடு சேர்ந்து நடக்கும் கலப்பு ஆய்வு. கேள்வியே அர்த்தங்களைப் பற்றியது என்றால் வேண்டாம்.

## 3. ஃப்ரேம்வொர்க் முறை

பிரிட்டனில் சமூகக் கொள்கை ஆய்வுகளுக்காக 1980-களில் உருவானது. ஜேன் ரிச்சி, லிஸ் ஸ்பென்சர் ஆகியோர் பெயரோடு அறியப்படுவது. கோட்புக் வகைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஒரு பெரிய அட்டவணை. வரிசைக்கு ஒரு பங்கேற்பாளர், பத்திக்கு ஒரு குறியீடு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நபர் அதைப் பற்றிச் சொன்னதன் சுருக்கம். நம் எடுத்துக்காட்டில் "மருத்துவரை அழைத்தல்" என்ற பத்தியை மேலிருந்து கீழாகப் படித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவினர் தயங்குவதில்லை, பொதுப்பிரிவினர் தயங்குகிறார்கள் என்பதுபோன்ற வேறுபாடு இருந்தால் கண்ணில் பட்டுவிடும். வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரே நபரின் முழுக்கதை குலையாமல் கிடைக்கும். ஒரே பார்வையில் இரண்டும் கிடைப்பது மற்ற முறைகளில் அரிது.

செலவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 நேர்காணல், 40 குறியீடு என்றால் 1,200 கட்டங்கள். ஒவ்வொன்றையும் சுருக்கி எழுத வேண்டும், பங்கேற்பாளரின் சொற்களை இழக்காமல். பாதி வழியில் ஒரு புதிய பத்தி தேவை என்று தோன்றினால் 30 நேர்காணல்களையும் திரும்பப் படிக்க வேண்டும். அந்தச் சோம்பலே பலரைப் புதிய பத்தி சேர்க்காமல் தடுக்கிறது. எதிர்பாராததைக் கவனிக்கும் திறன் அங்கே மழுங்குகிறது.

எப்போது இதுவே சரி: குறிப்பிட்ட கேள்விகளுக்குக் குறித்த காலத்தில் விடை வேண்டும், குழுக்களை ஒப்பிட வேண்டும், குழுவில் சிலருக்குப் பண்புசார் ஆய்வு புதிது.

## 4. கிரவுண்டட் தியரி

பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறக்கும் நோயாளிகளைச் சுற்றி நடப்பவற்றை ஆய்ந்த அனுபவத்திலிருந்து 1967-இல் முன்வைத்தது. தரவிலிருந்து தியரியைக் கட்டுவதே நோக்கம். நோக்கம் அதுவாக இல்லாவிட்டால் இந்த முறையே தேவையில்லை.

செவிலியர் பேச்சை எடுத்ததும் கேள்வி மாறும்: எழுப்புவதா வேண்டாமா என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? எந்த நிலைமைகளில் ஒரு பக்கம் சாய்கிறது? இந்த ஒரு நேர்காணலை அலசியதும் அடுத்து யாரைச் சந்திக்க வேண்டும் என்பது தெளிவாகும்: எழுப்பித் திட்டு வாங்கியவர், ஒருபோதும் தயங்காத மூத்தவர், முதல் மாதத்தில் இருப்பவர். இதுதான் கோட்பாட்டு மாதிரித்தேர்வு. சேகரிப்பும் பகுப்பாய்வும் மாறி மாறி நடக்கும், ஒவ்வொரு குறியீட்டையும் மற்றவற்றோடு இடைவிடாமல் ஒப்பிட வேண்டும், ஆய்வாளர் தனக்கு எழுதிக்கொள்ளும் மெமோக்கள் குவியும். கருத்தாக்கங்களுக்கு இனிப் புதிய பண்பு எதுவும் சேரவில்லை என்ற நிலை வரும்வரை களம் மூடாது.

ஆகவே "எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டேன், இனி கிரவுண்டட் தியரி செய்கிறேன்" என்பது பொருந்தாத வாக்கியம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே கருப்பொருள் பகுப்பாய்வு செய்த ஆய்வேடுகள் ஏராளம். தேர்வாளர் "உங்கள் தியரி எங்கே?" என்று கேட்டால் அவர்களிடம் காட்ட ஐந்து தலைப்புகள் மட்டுமே இருக்கும். நல்ல கருப்பொருள் பகுப்பாய்வு என்று சொல்லியிருந்தால் பாராட்டு வாங்கியிருக்கும் வேலை, தவறான பெயரால் தோற்றுப்போவது வேதனை.

வெளியே தெரியாத செலவுகள்: அறநெறிக் குழு அனுமதியை நெகிழ்வாக எழுதி வாங்க வேண்டும், ஏனெனில் யாரைச் சந்திப்போம் என்பது முன்கூட்டித் தெரியாது. எத்தனை மாதம் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. மேலும் இது ஒரே முறை அல்ல. ஸ்ட்ராஸும் ஜூலியட் கார்பினும் 1990-இல் வெளியிட்ட வடிவத்தை கிளேசர் 1992-இல் கடுமையாக மறுத்தார். கேத்தி சார்மாஸ், அர்த்தம் கட்டி உருவாக்கப்படுவது என்று கொள்ளும் (கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட்) வடிவம் ஒன்றை வளர்த்தெடுத்தார். எந்தக் கிளை என்று சொல்லாமல் மூன்றிலிருந்தும் சொற்களை அள்ளிப் போட்டால் கேள்விகள் தொடரும்.

எப்போது இதுவே சரி: கேள்வி ஒரு செயல்முறையைப் பற்றியது, இருக்கும் தியரிகள் போதவில்லை, களம் திறந்திருக்கிறது, காலமும் இருக்கிறது.

## 5. ஐபிஏ

ஜோனதன் ஸ்மித் 1996-இல் உடல்நல உளவியலில் அறிமுகப்படுத்தியது. குறைவான ஆட்கள், மிகுந்த ஆழம். மாணவர் ஆய்வுக்கு மூன்று முதல் ஆறு பேர் போதும். அனுபவத்தில் ஒத்தவர்களாக இருக்க வேண்டும். முதல் நபரை முழுமையாக முடித்த பிறகே அடுத்தவர். எல்லாரையும் சேர்த்துப் பார்ப்பது கடைசியில்தான்.

செவிலியர் பேச்சில் ஐபிஏ ஆய்வாளர் நின்றுவிடும் இடம் "நீளமான நேரம்". காலம் அவருக்கு ஏன் நீள்கிறது? கடிகாரத்தில் பத்து நிமிடம். அவர் உடலில், அவர் பயத்தில் அது எவ்வளவு? அவர் தன் அனுபவத்துக்கு அர்த்தம் தேடுகிறார். அவர் தேடுவதை ஆய்வாளர் அர்த்தப்படுத்திப் பார்க்கிறார். இரட்டை விளக்கம் என்று இதைச் சொல்வார்கள்.

நான்கு பேர் மட்டும் என்பதால் சுலபம் என்று நினைத்து வருபவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, நேர்காணல் மெலிந்திருந்தால் எந்தப் பகுப்பாய்வும் அதைக் காப்பாற்றாது. வினாப்பட்டியலை வரிசையாகக் கேட்டு முப்பது நிமிடத்தில் முடித்த பேட்டி ஐபிஏவுக்கு உதவாது. இரண்டு, அடையாள மறைப்பு. நான்கு பேரின் வாழ்க்கையை இவ்வளவு விரிவாக மேற்கோள் காட்டும்போது, ஒரே பணியிடத்தைச் சேர்ந்தவர்கள் படித்தால் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சில அருமையான மேற்கோள்களை விட்டுக்கொடுக்க நேரிடும்.

எப்போது இதுவே சரி: ஒரு குறிப்பிட்ட அனுபவம், அதை ஆழமாகப் பேசக்கூடிய சிலர், உளவியல் சார்ந்த கேள்வி.

## 6. உள்ளடக்கப் பகுப்பாய்வு

ஆவணங்கள், செய்திகள், கணக்கெடுப்பில் திறந்த கேள்விக்கு எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு பதில்கள் போன்றவற்றுக்கு இது கைகொடுக்கும். ஷீயும் ஷானனும் 2005-இல் இதன் பண்புசார் வடிவத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தரவிலிருந்து குறியீடு எடுப்பது, முன்னிருக்கும் தியரியிலிருந்து தொடங்குவது, சொற்களை எண்ணி அவற்றின் சூழலை விளக்குவது.

"25 செவிலியர்களில் 14 பேர் தயக்கத்தைக் குறிப்பிட்டனர்" என்ற வகையில் எழுத இது இடம் தரும். ஆனால் பேச்சின் போக்கில் கேள்விகளை மாற்றிக்கொள்ளும் அரைக்கட்டமைப்பு நேர்காணலில் எல்லாரிடமும் அந்தக் கேள்வி ஒரேமாதிரி கேட்கப்பட்டிருக்காது. மீதி 11 பேருக்குத் தயக்கம் இல்லையா, அல்லது பேச்சு அந்தப் பக்கம் போகவில்லையா? எண் அதைச் சொல்லாது. அதனால் நேர்காணல் தரவில் இதைத் தயங்கித்தான் பரிந்துரைப்பேன்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் கேள்வி | குறியிடுபவர் | களம் திறந்திருக்க வேண்டுமா | அதிகம் வலிக்கும் இடம் |
|---|---|---|---|---|
| ரிஃப்ளெக்ஸிவ் | பலருக்கு ஊடாக ஓடும் அர்த்தம் | ஒருவர் போதும் | வேண்டியதில்லை | நிலைப்பாட்டை விளக்குவது, கருப்பொருள்களை உடைத்துக் கட்டுவது |
| குறியீட்டு ஒப்புமை | முன்கூட்டியே தெளிவானவை | இருவர் அல்லது மேல் | வேண்டியதில்லை | கோட்புக், பயிற்சி, மேலோட்டமாகும் ஆபத்து |
| ஃப்ரேம்வொர்க் | கொள்கை, குழு ஒப்பீடு | குழு | வேண்டியதில்லை | கட்டங்களை நிரப்புவது |
| கிரவுண்டட் தியரி | செயல்முறை | ஒருவர் அல்லது குழு | கட்டாயம் | கணிக்க முடியாத காலம் |
| ஐபிஏ | தனிமனித அனுபவம் | ஒருவர் | வேண்டியதில்லை | ஆழமான நேர்காணல், அடையாள மறைப்பு |
| உள்ளடக்கம் | எது, எவ்வளவு | ஒருவர் அல்லது குழு | வேண்டியதில்லை | எண்ணிக்கை தரும் தவறான உறுதி |

மக்கள் கதையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதே உங்கள் கேள்வி என்றால் கதையாடல் பகுப்பாய்வையும், பேச்சால் எதைச் சாதிக்கிறார்கள் என்றால் சொல்லாடல் பகுப்பாய்வையும் பாருங்கள். மேலே உள்ள ஆறும் பேச்சைத் துண்டுகளாக்கும். கதையின் வரிசையோ, பேச்சின் நுட்பமோ அதில் கொஞ்சம் இழக்கப்படும்.

## எத்தனை பேர், எந்த மென்பொருள்

நேர்காணல் எண்ணிக்கைக்கு 12 என்ற எண்ணைப் பலர் மந்திரம்போல் சொல்கிறார்கள். அது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஒத்த தன்மையுள்ள குழுவினரிடம், எல்லாரிடமும் ஒரேமாதிரிக் கேள்விகள் கேட்டுக் கிடைத்த முடிவு அது. எல்லா ஆய்வுக்கும் பொது விதி ஆகாது. ரிஃப்ளெக்ஸிவ் முறையில் நிறைவுநிலை என்ற கருத்தே சரியாகப் பொருந்தாது, ஏனெனில் புதிய வாசிப்பு எப்போதும் சாத்தியம். மால்டெருடும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் முன்வைத்த 'தகவல் வலிமை' அங்கே பயன்படும்: நோக்கம் குறுகலாக, பங்கேற்பாளர்கள் பொருத்தமாக, உரையாடல் தரமாக இருந்தால் குறைவான பேர் போதும்.

என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ ஆகியவை கட்டண மென்பொருள்கள். டாகெட், குவால்கோடர் இலவசம். தேடவும் அடுக்கவும் எல்லாமே உதவும். எதுவும் பகுப்பாய்வு செய்து தராது, ஆகவே முறையியல் அத்தியாயத்தில் மென்பொருளின் பெயரை முறையின் இடத்தில் எழுத வேண்டாம். நேர்காணல் ஒரு மொழியிலும் ஆய்வேடு இன்னொரு மொழியிலும் என்றால், முடிந்தவரை பேசிய மொழியிலேயே குறியிட்டு, மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்ப்பது நல்லது. முழுவதையும் முதலில் மொழிபெயர்க்கும் செலவை மாதக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். அதில் தொனியும் போய்விடும்.

## தரவு ஏற்கெனவே கையில் இருந்தால்

முறையை முடிவு செய்யாமலே களத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இது. கிரவுண்டட் தியரியை விட்டுவிடுங்கள், மறுபடி களத்துக்குப் போக அனுமதியும் காலமும் இருந்தாலொழிய. நேர்காணல்கள் ஒரே அனுபவத்தைச் சுற்றி ஆழமாக இருந்தால், அவற்றில் சிறந்த சிலவற்றை மட்டும் எடுத்து ஐபிஏ செய்யலாம். மற்றவற்றைப் பயன்படுத்தாததை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிறைய ஆட்கள், நடுத்தர ஆழம், குழுக்களுக்கு இடையே வேறுபாடு தேவை என்றால் ஃப்ரேம்வொர்க். மற்றபடி ரிஃப்ளெக்ஸிவ் கருப்பொருள் பகுப்பாய்வு.

இரண்டு முறைகளைக் கலக்கலாமா என்ற கேள்வியும் வரும். ஃப்ரேம்வொர்க் கட்டத்தைத் தரவை ஒழுங்குபடுத்தும் கருவியாக வைத்துக்கொண்டு அதன் மேல் விளக்கபூர்வமான கருப்பொருள்களை உருவாக்குவது சாத்தியம், நன்றாகவும் வரும். பார்வையே கருவி என்று ஓர் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் பார்வையை நீக்கியதற்குச் சான்றாகக் கப்பா தருவது சாத்தியமில்லை.

இன்னும் இரண்டு முறைகளுக்கு நடுவே ஊசலாடினால், மனத்தில் விவாதிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் தரவில் மிக வளமான ஒரு நேர்காணலையும் மிக மெலிந்த ஒன்றையும் எடுங்கள். இரண்டு முறைகளிலும் அவற்றைக் குறியிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் முடிவு எழுதுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வியை அந்தப் பக்கங்களின் மேலே ஒட்டி வையுங்கள். எந்தப் பக்கம் அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறதோ, அதையும் கேள்வியையும் நெறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முறையின் பெயரைப் பற்றி மட்டும் பேசும் சந்திப்பைவிட அந்தச் சந்திப்பு எவ்வளவோ சீக்கிரம் முடிவுக்கு வரும்.